கோழிக் கழிச்சல் நோயும் அதன் வைரஸின் மரபெழுத்தும்

ஆவடியைக் கடந்து திருநின்றவூர் செல்லும் இருப்புப்பாதையில் நெமிலிச்சேரி இருக்கிறது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றது. கோழிக் கூண்டுகள் ஊர்விட்டு ஊர் செல்ல இத்தகைய சாலைகள் உதவுகின்றன. கோழிநோயும் அவ்வழியே பயணம் செய்யக்கூடும். புறக்கடையில் பத்துக் கோழி வளர்ப்பவரும், பண்ணை வைத்திருப்பவரும் ஒருங்கே அஞ்சத்தக்கது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாகும்.

1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்நோய் கண்டது. அடுத்து இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டில் தோன்றியமையால் நம் நாட்டில் அப்பெயரே நிலைத்துவிட்டது. அவ்வூரார்க்கு இஃது உவப்பாக இராது என்பது வேறு விஷயம். பச்சையும் வெண்மையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், காலும் இறக்கையும் செயலிழத்தல் ஆகியவை இதன் குறிகள்.

இதற்குக் காரணமான வைரஸின் உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் மெல்லிய இழை ஒன்று உண்டு. நான்கே வகையான எழுத்துக்களால் ஆன இவ்விழையின் நீளம் ஏறத்தாழ 15,200 எழுத்துக்கள். அவற்றில் அடங்கியவை 6 மரபணுக்கள். அவற்றுள் ‘எஃப்’ என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கோழியின் உயிரணுவோடு வைரஸைக் கலக்கச் செய்யும் புரதத்தை அதுவே தருகிறது. ஆனால் அப்புரதம் குறிப்பிட்டதோர் இடத்தில் வெட்டப்பட்டாலன்றி வேலை செய்யாது. வெட்டும் நொதியோ கோழியின் உடலிலேயே இருக்கிறது! வீரியம் குன்றிய வைரஸை மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள நொதிகள் மட்டுமே வெட்டவல்லன; ஆதலால் நோய் அங்கேயே அடங்கும். கொடிய வைரஸின் வெட்டுமிடத்தில் சில எழுத்துக்கள் மாறியிருத்தலால், உடலெங்குமுள்ள நொதிகள் அதனை வெட்டிவிடுகின்றன. மூளை வரை நோய் பரவுவது இதனாலேயே. பூட்டு ஒன்று, ஒரே சாவிக்குத் திறப்பதும் எல்லாச் சாவிக்கும் திறப்பதும் ஒன்றாகுமா?

பி.சி.ஆர். முறையால் இப்பகுதியைப் பெருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தால், வந்தது கொடிய இனமா, தடுப்பு மருந்திலுள்ள சாது இனமா என்பது தெரியும். அதன் குலமும் விளங்கும். இந்தியக் கோழிகளில் கண்டெடுத்தவற்றுள் பல 13-ஆம் மரபு வகையைச் சேர்ந்தவை. குலம் பலவாயினும், தடுப்பு மருந்து அனைத்தினின்றும் பெரும்பாலும் உயிரைக் காக்கிறது. எனினும் மருந்து பெற்ற கோழியும் வைரஸை எச்சத்தில் வெளியிடக்கூடும்; ஆகவே கொட்டகைத் தூய்மையைக் கைவிடலாகாது.

முதல் வாரத்தில் எஃப் அல்லது லசோட்டா மருந்துச் சொட்டும், எட்டு வாரத்திற்குமேல் இறக்கையடியில் ஊசியும் இடுவது வழக்கம். ஊசியிலுள்ள இனம் சற்று வீரியமுடையது; குஞ்சுகளுக்கு அதனை முதலில் இடுதல் தவறு. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், வெப்பம் தாங்கும் டி.58 இனத்தைக் கொண்டு தீனியாகத் தரும் குருணை மருந்தை உருவாக்கியுள்ளது. புறக்கடைக் கோழியைத் துரத்திப் பிடிக்கும் தொல்லை இதில் இல்லை.

2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் உறுதியாயிற்று. அதன் குறிகளும் கழிச்சலின் குறிகளைப் போன்றவையே. கண்ணால் கண்டு பிரித்தறிதல் இயலாது. ஆகவே கோழிகள் திடீரெனக் கூட்டமாய் மடியின், அவற்றை அறுக்கவோ, மலிந்த விலைக்கு விற்கவோ, ஏரியில் எறியவோ இடந்தராமல், பஞ்சாயத்தார் அன்றே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் மாதிரி எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார். பறவைக் காய்ச்சல் ஐயத்திற்குரிய மாதிரி போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்திற்குச் செல்லும். முடிவு வரும்வரை அவ்வூர்க் கோழிகளும் கூண்டுகளும் வெளியூர் போகாதிருத்தல் வேண்டும்.