கொஞ்சம் எடுத்தால் மருந்தா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அஸர் தொழுதுவிட்டு மருதமுனைக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "சேர்" என்று ஒரு குரல். என்னிடம் படித்த பையன். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதப் போகிறான். ஒரு கையில் சுருட்டிப் பிடித்த பௌதிகவியல் டியூட், மறு கையில் ஃபோன். ஃபோனில் ஒரு வெள்ளைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நாளுக்கு ஒரு தடவை எல்.எஸ்.டி.யைத் துளியளவு எடுக்கிறாராம். அன்றிலிருந்து கவனம் சிதறுவதில்லையாம், கவலையும் இல்லையாம்.

"சேர், நிறைய எடுத்தாத்தானாம் போதை. கொஞ்சூண்டு எடுத்தா மூளை மட்டும் நல்லா வேலை செய்யுமாம். அப்ப அது மருந்து மாதிரித்தானே?"

வாப்பாவிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்டான். அதட்டி அனுப்பியிருந்தால் அடுத்த தடவை விற்பவனிடமே போய்க் கேட்டிருப்பான். "வாசிச்சிட்டுச் சொல்றன் மகன்" என்றேன். வாசித்ததை அவனுக்காகவும், அவன் வயதுப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் விடயம் இதுதான். எல்.எஸ்.டி.யும், சில வகைக் காளான்களில் இருக்கும் சைலோசிபினும் இல்லாததைக் காணவும் கேட்கவும் வைக்கும் பொருள்கள். எல்.எஸ்.டி.யின் வழக்கமான போதை அளவு 100 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு எடுப்பதைத்தான் 'மைக்ரோடோசிங்' என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஃபேடிமன் 2011இல் வெளியிட்ட நூலோடு இது பிரபலமானது. கலிபோர்னியாவின் கணினித்துறை இளைஞர்கள் எடுக்கிறார்கள் என்ற செய்தி பிறகு உலகைச் சுற்றி வந்தது. இப்போது மருதமுனைக் கடற்கரைக்கும் வந்துவிட்டது.

நம்பிக்கை 1: எடுத்தவர்களே நல்லது என்கிறார்கள். அனுபவம் பொய்யாகுமா?

உண்மை: அனுபவம் பொய்யில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பிழை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்த விதம் அழகானது. ஏற்கனவே மைக்ரோடோசிங் செய்பவர்களையும் செய்ய நினைத்தவர்களையும் அழைத்து, தங்கள் பொருளைத் தாங்களே வீட்டில் கப்சியூலில் அடைக்கச் சொன்னார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாத கப்சியூல்கள். சிலவற்றுக்குள் பொருள் இருக்கும், சிலவற்றில் ஒன்றும் இருக்காது. அவற்றை உறைகளில் இட்டு, ஒவ்வொரு உறையிலும் கியூஆர் குறியீடு ஒட்டிக் கலந்துவிட வேண்டும். எந்த உறையில் என்ன இருக்கிறது என்பது அடைத்தவருக்கே தெரியாது, ஆய்வாளர்களின் கணினிக்கு மட்டுமே தெரியும். 191 பேர் நான்கு வாரம் இப்படிச் செய்தார்கள். முடிவு 2021இல் வெளியானது.

பொருளை விழுங்கியவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. வெறும் கப்சியூல் விழுங்கியவர்களின் மனநிலையும் ஏறக்குறைய அதே அளவு மேம்பட்டிருந்தது. இரண்டுக்கும் இடையே தெரிந்த சிறு வித்தியாசத்தையும் ஆராய்ந்தார்கள். தான் எடுத்தது எது என்று ஒருவர் ஊகித்தாரோ அந்த ஊகத்தின்படியே பலன் கூடிக் குறைந்திருந்தது. வெறும் கப்சியூலை மருந்தென்று நம்பியவருக்கு நன்மை தெரிந்தது.

இது நமக்குப் புதிதில்லை. காய்ச்சலுக்கு டொக்டர் குளிசை மட்டும் கொடுத்தால், "ஊசி போடல்லியா?" என்று கேட்கும் மூத்தம்மாக்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், மருந்து இரத்தத்தில் கலக்கும் முன்பே பாதிச் சுகம் கிடைத்துவிடும். அவர்கள் நடிக்கவில்லை. சுகம் வரப்போகிறது என்று மனம் உறுதியாக நம்பினால் உடம்பும் அதற்கு இணங்குகிறது.

நம்பிக்கை 2: சோர்வு குறைவதற்கு வேண்டுமானால் நம்பிக்கை போதும். போதை ஏறுவதெல்லாம் நம்பிக்கையால் நடக்குமா?

உண்மை: நடக்கும்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 33 மாணவர்களை ஓர் அறைக்கு அழைத்தார்கள். வண்ண விளக்குகள், இசை, சுவரில் ஓவியங்கள் என்று விருந்து நடக்கும் வீடு போல அந்த அறையை அமைத்திருந்தார்கள். காளான் போதைக்கு ஒப்பான மருந்து என்று சொல்லி எல்லாருக்கும் குளிசை கொடுத்தார்கள். அதில் மருந்தே இல்லை. போதை ஏறியவர்கள் போல நடிக்கச் சிலரையும் கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தார்கள். மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களுக்கு ஏதோ செய்கிறது என்றார்கள். சுவர் ஓவியம் அசைந்தது என்று சொன்னவர்களும் உண்டு. இது 2020இல் வெளியான ஆய்வு.

வெறும் குளிசையே ஓவியத்தை அசைய வைக்குமென்றால், ஒரு துளி எடுத்த அன்று பாடம் நன்றாக ஏறியது போலத் தோன்றுவதில் வியப்பென்ன? அதுவும் பத்து வீடியோ பார்த்து, பலன்களை மனப்பாடம் செய்துவிட்டு எடுப்பவருக்கு?

நம்பிக்கை 3: கவனம் கூடும், படிப்பு ஏறும்

உண்மை: அளந்து பார்த்த இடங்களில் அப்படித் தெரியவில்லை.

ஆர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் 34 பேருக்கு அரைக் கிராம் உலர்ந்த காளானையும், வேறொரு வாரம் வெறும் கப்சியூலையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். படைப்பாற்றலோ சிந்தனைத் திறனோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஆரோக்கியமான ஆண்கள் 80 பேர் ஆறு வாரம் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு 10 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி., மற்றவர்களுக்கு வெறும் திரவம். எல்.எஸ்.டி. எடுத்த நாளில் உற்சாகமும் மகிழ்ச்சியும் சற்றுக் கூடியதாகச் சொன்னார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாள் கடந்தபின் நிலைத்து நின்ற மாற்றம் எதுவும் இல்லை. பதற்றம் கூடி இடையில் விலகியவர்களும் உண்டு.

என் மாணவனுக்கு மிகவும் பொருந்துவது கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களிடம் செய்த ஆய்வுதான். சுவிட்சர்லாந்தின் பாசெல், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரங்களில் 53 பேருக்கு வாரம் இரண்டு தடவை, ஆறு வாரம், எல்.எஸ்.டி.யையோ மருந்தில்லாத மாற்றையோ கொடுத்தார்கள். எல்.எஸ்.டி.யின் அளவு 20 மைக்ரோகிராம், வழக்கமான நுண்ணளவின் இரு மடங்கு. எல்.எஸ்.டி. எடுத்தவர்களுக்குக் கோளாறு குறைந்தது, மருந்தில்லாத மாற்றை எடுத்தவர்களுக்கும் குறைந்தது. எல்.எஸ்.டி. ஒரு படியும் முந்தவில்லை. இது 2025இல் வெளியானது.

நம்பிக்கை 4: இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும்?

உண்மை: அந்தச் சிறிய அளவை யார் அளப்பது?

எல்.எஸ்.டி.யை 1938இல் முதலில் தயாரித்த சுவிஸ் வேதியியலாளர் அல்பேர்ட் ஹொஃப்மன், 1943 ஏப்ரல் 19ஆம் திகதி அதைத் தானே எடுத்துப் பார்த்தார். கவனமான மனிதர். மிகமிகக் குறைந்த அளவு என்று நினைத்து 250 மைக்ரோகிராம் எடுத்தார். ஆய்வுகூடத்தில் இருக்க முடியாமல் உதவியாளரின் துணையோடு சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தார். பால் கொண்டுவந்த அயல்வீட்டுப் பெண் அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தெரிந்தாள். தான் சாகப்போவதாகவே அன்று நினைத்தார். அந்தப் பொருளை உருவாக்கியவரே 'கொஞ்சம்' என்பதை அப்படித் தவறாகக் கணித்தார்.

10 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமை ஒரு இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கல்முனைக் கடைத்தெருவில் பொன் நிறுக்கும் தராசு ஒரு மில்லிகிராம்வரை காட்டினாலும், அந்த ஒரு மில்லிகிராமுக்குள் இப்படி நூறு பங்கு அடங்கும். எல்.எஸ்.டி. தோய்த்த, தபால் முத்திரை போன்ற தாளை நகத்தால் கிள்ளி 'அளவாக' எடுக்கிறேன் என்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு அளக்கிறார். அந்தத் தாளில் இருப்பது எல்.எஸ்.டி.தானா என்பதும் தெரியாது. எல்.எஸ்.டி. என்ற பெயரில் 'என்-போம்' வகை இரசாயனங்கள் விற்கப்பட்டு, உலகின் பல இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. காட்டுக் காளான் இயற்கையானது, பாதுகாப்பானது என்ற பேச்சும் அப்படித்தான். சில நஞ்சுக் காளான்களைத் தின்றவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார். அதற்குள் ஈரல் கெடத் தொடங்கியிருக்கும்.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ இருந்தால் இப்பொருள்கள் அதைக் கிளறிவிடக்கூடும். இவற்றோடு லிதியம் குளிசையும் எடுத்தவருக்கு வலிப்பு வந்த பதிவுகள் இருக்கின்றன. எல்.எஸ்.டி.யும் சைலோசிபினும் இதய வால்வுகளில் உள்ள ஒரு செரட்டோனின் ஏற்பியையும் தூண்டுகின்றன. அதே ஏற்பியைத் தூண்டிய ஃபென்ஃபுளூரமின் என்ற உடல் மெலிவு மருந்து, வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நுண்ணளவை வருடக்கணக்கில் எடுத்தால் இதயம் என்னவாகும் என்பதைச் சொல்ல நீண்டகால ஆய்வு இன்னும் இல்லை.

நம்பிக்கை 5: அவுஸ்திரேலியாவில் டொக்டர்மாரே கொடுக்கிறார்கள்

உண்மை: அது வேறு, இது வேறு.

2023 ஜூலை 1 முதல் அங்கே அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசிபினைக் கொடுக்கலாம். முழு அளவில், மருத்துவ மேற்பார்வையில், பக்கத்தில் சிகிச்சையாளர் பல மணி நேரம் இருக்கத்தான் கொடுக்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கத்தி இருக்கிறது என்பதற்காக வீட்டில் கத்தி எடுத்து நாமே கீறிக்கொள்ள மாட்டோம். 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை எல்.எஸ்.டி.யையும் சைலோசிபினையும் மிகக் கடுமையான முதலாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. இலங்கையும் அதில் இணைந்த நாடுதான்.

நம்பிக்கை 6: ஐஸும் கொஞ்சமாக எடுத்தால் இப்படித்தான். இரவெல்லாம் விழித்துப் படிக்கலாம், வேலை செய்யலாம்

உண்மை: நம் கரையோரத்துக்கு இதுதான் ஆகப் பெரிய ஆபத்து.

எல்.எஸ்.டி. தாள் எல்லாக் கையிலும் கிடைப்பதில்லை. 'கொஞ்சம் எடுத்தால் மருந்து' என்ற பேச்சு மட்டும் எல்லாக் காதிலும் விழுகிறது. அதைக் கேட்டுவிட்டுத் தேடிப்போகும் பிள்ளையின் கையில் கடைசியில் வந்து சேருவது பெரும்பாலும் ஐஸ்தான். கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் அதனால் உடைந்த வீடுகளை நாம் அறிவோம். ஐஸ் என்பது மெத்தாம்ஃபெட்டமின். எல்.எஸ்.டி.யோடு அதற்கு உறவே இல்லை. எல்.எஸ்.டி. அப்படி விரைவாக அடிமையாக்குவதில்லை, ஐஸ் ஆக்கிவிடும். தூக்கத்தைப் பறிக்கும், பசியைப் பறிக்கும். கூடப் பிறந்த காக்காவையே எதிரியாகச் சந்தேகிக்க வைக்கும். இன்று போதுமாக இருந்த அளவு நாளை போதாது. அதனால் ஐஸில் 'கொஞ்சம்' என்ற அளவு நிலைப்பதே இல்லை. 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி ஐஸ் 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறைவரை போகலாம்.

விழித்துப் படித்தால் பாடம் ஏறும் என்பதும் தவறு. பகலில் படித்ததை மூளை உறுதியாகப் பதிவது தூக்கத்தில்தான். தூக்கத்தை விற்று வாங்கிய படிப்பு பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்காது.

நம்பிக்கை 7: போதை வராத அளவென்றால் மார்க்கத்தில் தடை இல்லையே?

உண்மை: இந்தக் கேள்விக்குப் பதில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. கூடுதலாக எடுத்தால் போதை தரும் பொருளில் சிறிதளவும் ஹராம்தான் என்ற கருத்துள்ள நபிமொழியைக் குத்பாக்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை, அதை மௌலவிமார் சொல்வார்கள். இங்கே வேலி அந்தச் 'சிறிதளவு' என்ற இடத்திலேயே போடப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் அதே கடற்கரையில் அவனைக் கண்டேன். இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் சொன்னது இது: "மகன், அந்த 191 பேரில வெறும் கப்சியூல் முழுங்கினவங்களுக்கு நல்லா வந்திச்சே, அது எங்கேருந்து வந்தது? அவங்களுக்குள்ளேருந்துதான். உனக்குள்ளயும் அது இரிக்கி. உன் உழைப்புல வாற மார்க்ஸுக்கு ஒரு துண்டுத் தாள் பேர் வாங்கணுமா?"

அவன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, ஒரு மாதமாக இரவில் தூக்கம் இல்லை என்றான். அவன் முதலில் கேட்க வந்தது அதைத்தான். ஃபோனில் இருந்த வெள்ளைக்காரர் அதற்கு ஒரு சாட்டு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சுனாமி அடித்த 2004க்குப் பிறகு தூக்கமில்லாத இரவுகளை நம் ஊர்கள் நிறையவே அறியும். ஆனாலும் உளநலப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என அஞ்சுகிறோம். அந்த அச்சம்தான் பிள்ளையைக் கள்ளச் சந்தைக்கு அனுப்புகிறது. அரச வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். போதைப்பொருள் பிரச்சினை என்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. இரண்டையும் இன்றே ஃபோனில் பதிந்துவையுங்கள். உங்கள் பிள்ளை இப்படியொரு கேள்வியோடு வந்தால் கையை ஓங்காதீர்கள், உட்கார வைத்துக் கேளுங்கள்.