மங்கிலே உறையும் பால்: பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானப் பாடம்

‘உப்பு நீரில் கரைவது பௌதிக மாற்றம், இரும்பு துருப்பிடிப்பது இரசாயன மாற்றம்’ என்று நம் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால், மங்கிலே ரப்பர்ப்பால் கட்டியாவது எவ்வகை மாற்றம் என்று வினவினால் பலர் திகைத்து நிற்பர். அன்றாடம் அப்பாலைக் கையாளும் பெற்றோரே இதனை விளக்கலாம். அதற்கு உயர்கல்வி வேண்டியதில்லை.

புதிய பொருள் உண்டாகாமல் உருவமோ நிலையோ மட்டும் மாறுவது பௌதிக மாற்றம். உப்புநீரைக் காய்ச்சினால் உப்பு மீண்டும் கிடைக்கும். துருவோ இரும்பன்று, இரும்பு, பிராணவாயுவோடும் ஈரத்தோடும் கூடி உண்டான வேறொரு பொருள். ‘பழைய நிலைக்குத் திரும்பாவிடில் அது இரசாயன மாற்றம்’ எனச் சிலர் சுருக்கமாகக் கற்பிப்பதுண்டு. அது போதாது. கிழித்த தாள் மீண்டும் ஒன்றாவதில்லை. ஆயினும் அது தாளே.

இனி, பாலுக்கு வருவோம். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். கண்ணுக்குப் புலப்படாத ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்பும் உறைபோல் மூடியுள்ளன. எல்லா உறைகளும் ஒரே வகை மின்னேற்றம் உடையவையாதலால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. பார்மிக் அமிலம் சேர்ந்ததும் அம்மின்னேற்றம் நீங்குகிறது. துகள்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. உறையில் நிகழ்வது இரசாயன மாற்றம், ரப்பரோ மாறவில்லை. அது மரத்தில் இருந்தபோதே ரப்பர்தான்.

அமிலமே சேர்க்காத பாலும் மறுநாள் நாற்றத்தோடு கட்டிப்பாலாகிறதே எனப் பிள்ளை கேட்கக்கூடும். நல்ல கேள்வி! அங்கே நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அது இரசாயன மாற்றமே.

கட்டியை உருளையிலிட்டு ஷீட்டாக்குவதும் உலர்த்துவதும் பௌதிக மாற்றங்கள். ரப்பரே மாறுவது ஆலையில்தான். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதிப்படுவதைக் கண்டறிந்தார். ரப்பர் இழைகளுக்கிடையே கந்தகம் புதிய பிணைப்புகளை உண்டாக்குகிறது. ஆதலால்தான் டயர் வெயிலில் இளகி ஒட்டுவதில்லை.

பாடம் நடத்துவதற்காகப் பார்மிக் அமிலத்தைப் புட்டியில் வீட்டுக்குக் கொண்டுவருதல் ஆகாது. அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பிள்ளைகள் பானமென்று பருகிவிடவும் கூடும். ஒரு கிண்ணம் இளஞ்சூடான பசும்பாலும் சிறிது எலுமிச்சைச் சாறும் போதும். பால் திரிந்ததும், ‘இந்தக் கட்டி முன்பு எங்கே இருந்தது?’ என்று பிள்ளையைக் கேட்போம். விடையை நாமே கூறிவிட அவசரப்பட வேண்டாம்.