ள-வைத் தட்டினால் ஔ வருகிறது

லினக்ஸில் தமிழ்99 அடிக்கும் நண்பர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஐபஸ், எம்17என் ஆகிய உள்ளீட்டு மென்பொருள்களின் மேல்தான். என் அனுபவத்தில் கோளாறு அநேகமாக அவற்றுக்குக் கீழ்ப்படியில் இருக்கும்.

விசையைத் தட்டியதும் கெர்னலிலிருந்து கிளம்புவது வெறும் எண். அந்த எண் எந்த ஆங்கில எழுத்து என்பதை எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அடுக்கு முடிவு செய்கிறது. அந்த எழுத்தைத்தான் எம்17என் தமிழாக மாற்றுகிறது. எந்த விசை தட்டப்பட்டது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஜெர்மன் விசைப்பலகையுடன் வந்த ஒரு பழைய லேப்டாப்பில் இது பளிச்சென்று தெரிந்தது. ஜெர்மன் அமைப்பில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அதனால் ள இருக்கவேண்டிய இடத்தில் ஔ, ஔ இடத்தில் ள. ந, ய, ச ஆகியவை தமிழ்99-இல் நிறுத்தற்குறி விசைகளில் உட்கார்ந்திருப்பவை. ஜெர்மனில் அங்கே புள்ளி வைத்த உயிரெழுத்துகள் இருப்பதால் அந்த மூன்றும் காணாமலே போய்விட்டன. அடிப்படை லேஅவுட்டை அமெரிக்க ஆங்கிலம் ஆக்கியதும் எல்லாம் சரியானது. விசைமேல் என்ன அச்சிட்டிருந்தால் என்ன, பார்க்காமல் அடிப்பவருக்கு அது பொருட்டல்ல. கடவுச்சொல்லில் ஒய்யோ இசட்டோ இருந்தால் மட்டும் லாகின் திரையில் எந்த லேஅவுட் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

ய மட்டும் வர மறுக்கிறதா? 'யுஎஸ் இன்டர்நேஷனல்' தேர்வாகியிருக்கக்கூடும். அதில் ஒற்றை மேற்கோள் விசை அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். புள்ளிக்குப் பதில் ஆய்தம் வந்தால் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள்.

ஆகவே முதல் சோதனை, தமிழை அணைத்துவிட்டு அதே விசையை ஆங்கிலத்தில் தட்டுவது. அங்கேயும் தப்பான குறி விழுந்தால் தமிழ் மென்பொருளைக் குடைவது வீண்வேலை.

வேறு சில புகார்கள் கோளாறே இல்லை. 'தத்தம்' என்று அடிக்க முதல் த-வுக்குப் பின் அ-வைத் தட்டவேண்டும். இல்லாவிட்டால் புள்ளி தானாக விழும், அது தமிழ்99-இன் விதி.

உண்மையிலேயே எம்17என்-இல் ஒன்றை மாற்றவேண்டி வந்தால், சிஸ்டம் அடைவில் உள்ள, விசை விதிகள் அடங்கிய மிம் கோப்பைத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். அந்தக் கோப்பை ஹோம் அடைவுக்குள் உள்ள, புள்ளியில் தொடங்கும் எம்17என் அடைவுக்கு நகலெடுத்துத் திருத்துங்கள். பிறகு ஐபஸை மறுபடி தொடக்கினால் போதும்.

நான் அப்படி மாற்றியது ஸ்ரீயை. 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ சேர்ந்தபின் ஸ்ரீயை ஸ் போட்டும் எழுதலாம், ஶ் போட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடினால் ஒன்று மற்றொன்றுக்குச் சிக்காது. என் பழைய கோப்புகளெல்லாம் ஸ் போட்டவை என்பதால் ஷிஃப்ட் ஒய்க்கு அதையே கொடுத்துவிட்டேன்.