தோற்றவனுக்கு இன்னோர் ஆட்டம்

இந்த மாத வகுப்புக்குப் பாடம் திடலிலிருந்து வருகிறது.

போன வருஷம் ஈப்போவில் நம் கிளைகளுக்கு நடந்த எழுவர் காற்பந்துப் போட்டிக்கு அட்டவணை போட்டவன் நான்தான். எட்டு அணிகள், நாக்-அவுட் முறை. தோற்றால் வெளியே. பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்திலிருந்து ஓர் அணி வந்தது. லயங்கள் இல்லை. பையன்கள் சுற்றியுள்ள தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் பந்துக்கும்தான் ஒன்று சேர்வார்கள். இரவல் வேனில் வந்து, காலை எட்டு மணிக்கு ஆடி, ஒரே கோலில் தோற்றார்கள். எட்டரைக்கெல்லாம் அவர்களுக்கு எல்லாம் முடிந்தது. வேன் திரும்பி வர மாலை ஐந்து ஆகும். அம்மாக்கள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஒன்பது மணிக்கே பிரித்து, மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய கோல்கீப்பர் வந்து கேட்டான்: "அண்ணே, எங்களுக்கு இன்னொரு கேம் இல்லையா?"

"தோத்தாச்சுல்ல தம்பி" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அவர்களைத் தோற்கடித்த அணிதான் கடைசியில் கோப்பையைத் தூக்கியது. அப்படியானால் இவர்கள் இரண்டாவது நல்ல அணியா, எட்டாவதா? என் அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை.

வேறு வழி தேடியபோது கண்ணில் பட்டது அமெரிக்காவின் பேஸ்பால். நம் பள்ளிகளில் ஆடும் சாஃப்ட்பாலின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஒரு போட்டி இருக்கிறது. சிறு கல்லூரிகளுக்கு என்ஏஐஏ என்ற சங்கம் தனியாக ஒன்று நடத்துகிறது. 1957இல் தொடங்கியது. 2000 முதல் ஐடஹோ மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற ஊரில் நடக்கிறது. மக்கள் தொகை முப்பதாயிரத்துச் சொச்சம்தான். ஈப்போவோடு ஒப்பிட்டால் சிற்றூர். அந்த ஊர் லூயிஸ்-கிளார்க் ஸ்டேட் கல்லூரி 1984 முதல் 2017 வரை 19 முறை வென்றிருக்கிறது. அதில் 16 எட் செஃப் என்ற ஒரே பயிற்றுநரின் காலத்தில்.

நமக்கு வேண்டியது அவர்களுடைய அட்டவணை. பத்து அணிகள், ஒரு முறை தோற்றால் வெளியே இல்லை, இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. முதல் தோல்வி கண்டவர்கள் இன்னொரு வரிசைக்குப் போய், அங்கே ஜெயித்துக்கொண்டே வந்தால் இறுதியாட்டம் வரை வரலாம்.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு தங்கை, "மறுபிறவி மாதிரியா அண்ணே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பழைய கணக்கு அழிவதில்லை. அந்த ஒரு தோல்வி கடைசி வரை கூடவே வரும்.

எட்டு அணிகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோற்காமல் போகிறவர்கள் நான்கே ஆட்டத்தில் கோப்பையை எடுக்கலாம். முதல் ஆட்டத்தில் தோற்றவர்களோ அதன்பின் தொடர்ந்து ஆறு ஜெயிக்க வேண்டும்; இறுதியில் மட்டும் ஒரே அணியை இரண்டு முறை. ஆக மொத்தம் ஏழு ஆட்டம். வாய்ப்பு உண்டு, சலுகை இல்லை.

பேஸ்பாலில் இது இன்னும் கடுமை. பந்து எறிகிறவர் ஓர் ஆட்டத்தில் நூறு பந்துக்கு மேல் எறிந்துவிட்டால் தோளுக்குச் சில நாள் ஓய்வு வேண்டும். போட்டியோ ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு சூரனை வைத்து ஓர் ஆட்டம் ஜெயிக்கலாம். தோற்றவர் வரிசையில் ஏறி வர வேண்டுமானால் மூன்றாவது, நான்காவது ஆள் யார் என்று கேள்வி வரும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேலை வருவது அங்கேதான். நம் கிளைகளில் பெஞ்சில் இருப்பவனைத் தண்ணீர் எடுத்து வரத்தான் அனுப்புகிறோம்.

இந்த வருஷக் கூட்டத்தில் இதை வைத்தேன். பொருளாளருக்குப் பிடிக்கவில்லை. "ஒரே திடல், நடுவர்களுக்கு அலவன்ஸ், யார் கொடுக்கிறது?" நியாயமான கேள்வி. நாக்-அவுட்டில் 7 ஆட்டம். இதில் 14, சில சமயம் 15. ஓர் ஆட்டத்துக்கு இடைவேளையோடு 25 நிமிஷம் என்றால் ஆறேகால் மணி நேரம். காலை எட்டுக்கு ஆரம்பித்தால் பிற்பகல் இரண்டேகால். ஈப்போ வெயிலில் நான்கைந்து ஆட்டம் ஆடிய பையன்களை நடுமதியத்தில் மறுபடி இறக்க எனக்கும் மனசு வரவில்லை. அதனால் திடலை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓய்வு, அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று முடிவானது. அலவன்ஸுக்கு ஆளுக்கு ஐந்து வெள்ளி கூடுதல் கட்டணம். அது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.

போன வாரம் அந்தக் கோல்கீப்பருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு பேர் தேறுவார்களா என்று கேட்டேன். ஒன்பது பேர் உறுதி, மற்றவர்களைச் செம்மோர் பக்கம் போய்க் கூப்பிட வேண்டும் என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப வேனை ஆறு மணிக்கு வரச் சொல்லட்டுமாண்ணே?" என்றான்.