மூட்டம் நிறைந்த இரவு

விண்ணை ஆராய்வோர் இருவகையினர். வானாய்வுக் கூடங்களில் அமர்ந்து, அவ்வாராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட அறிஞர் ஒரு வகையினர். பகலெல்லாம் வேறொரு தொழில் செய்து, இரவு வந்ததும் ஊதியம் எதனையும் கருதாது, வானின்மீது கொண்ட பற்று ஒன்றாலேயே தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கோ வெளியிடத்திற்கோ செல்வோர் மற்றொரு வகையினர். இப்பின்னவரை வானநூல் ஆர்வலர் என்பர். ஆசிரியர், எழுத்தர், வணிகர், மருத்துவர், மாணவர் எனப் பல திறத்தாரும் இவருள் உளர்.

ஆர்வலருக்கு நேரம் அரிய பொருளாகும். மறுநாள் அலுவல் இல்லாதிருத்தல் வேண்டும். வீட்டில் வேலை முடிந்திருத்தல் வேண்டும். உடலிலும் சோர்வு இல்லாதிருத்தல் வேண்டும். இவை மூன்றும் ஒருங்கே கூடும் இரவுகள் மிகச் சிலவே. அத்தகைய ஓர் இரவில் ஆவலோடு வெளியே வந்து அண்ணாந்து நோக்கினால், வானம் பால் கலந்த நீர்போல் வெளிறிக் கிடப்பதுண்டு. முகிலும் இல்லை, மழையும் இல்லை, ஆயினும் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் தோன்ற வேண்டிய இடத்தில் பத்தோ இருபதோதான் மங்கலாய்த் தோன்றும். பால்வீதி இருந்த இடமே தெரியாது. அந்நிலையில் கருவியைப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிட்டு உறங்கச் செல்வதா? அன்றி, அங்கேயே நின்று இயன்றதைக் காண முயல்வதா? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், மூட்டத்தின் இயல்பினை முதற்கண் அறிதல் வேண்டும்.

மூட்டத்தின் இயல்பு

நிலத்தை அடுத்துள்ள காற்றில் தூசியும், அடுப்புகளினின்றும் ஆலைகளினின்றும் எழும் புகையும், நுண்ணிய நீர்த்துளிகளும் மிதந்துகொண்டிருக்கின்றன. இவை மிகுந்து செறியும்போது மூட்டம் உண்டாகிறது. விண்மீனினின்று வரும் ஒளியின் ஒரு பகுதியை இத்துகள்கள் நாற்புறமும் சிதறச் செய்கின்றன. ஆதலால் விண்மீனின் ஒளி குறைகின்றது. அஃதேயன்றி, நிலவொளியும் நகர விளக்குகளின் ஒளியும் இத்துகள்களின்மீது பட்டுச் சிதறுதலால், கருமையாய் இருக்க வேண்டிய வானம் வெளிறுகின்றது. காண வேண்டிய பொருளின் ஒளி குறைதலும், அதன் பின்னணியின் ஒளி மிகுதலும் ஆகிய இவ்விரண்டு குறைகளும் ஒருங்கே சேர்வதால், மங்கிய பொருள்கள் அறவே மறைந்துவிடுகின்றன.

ஆயினும் மூட்டம் எல்லாப் பொருள்களையும் ஒரே அளவில் மறைப்பதில்லை. தலைக்கு நேர் மேலுள்ள விண்மீனின் ஒளி குறைந்த அளவு காற்றையே கடந்து வருகின்றது. அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் உள்ள விண்மீனின் ஒளியோ ஏறக்குறைய அதனினும் இருமடங்கு காற்றைக் கடந்து வருதல் வேண்டும். இன்னும் தாழ்ந்திருப்பின் கடக்கும் காற்றும் மிகும். ஆதலின் மூட்டம் மிக்க இரவிலும் உச்சி வானம் ஓரளவு தெளிந்திருத்தல் இயல்பு.

தெளிவும் அமைதியும்

வானத்தின் நலத்தை ஆராய்வோர் இரண்டு பண்புகளைத் தனித்தனியே கருதுவர். ஒன்று தெளிவு, மற்றொன்று அமைதி. ஒளி தடையின்றி வருதல் தெளிவு. வரும் ஒளி நடுக்கமின்றி வருதல் அமைதி. இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் மயங்குவர். அஃது உண்மையன்று.

விண்மீன்கள் மின்னுகின்றன என்று கூறுகின்றோம். உண்மையில் அவை மின்னுவதில்லை. வெப்பமும் குளிர்ச்சியும் மாறி மாறிக் கலந்த காற்றடுக்குகள் வானில் அலைந்துகொண்டே இருப்பதால், அவற்றினூடே வரும் ஒளி ஒவ்வொரு கணமும் சிறிது வளைந்து நடுங்குகின்றது. ஓடும் நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல் அசைவதுபோல் தோன்றுவதும் இதனை ஒப்பதேயாகும். மழை பெய்து ஓய்ந்து, வாடை வீசும் இரவில் தூசியெல்லாம் நீங்கி வானம் பளிங்குபோல் விளங்கும். விண்மீன்களும் மிகுதியாய்த் தோன்றும். ஆயின் அவை கடுமையாக மின்னும். அப்போது வியாழனைத் தொலைநோக்கியில் நோக்கினால், கொதிக்கும் நீரில் இட்ட காசுபோல் அதன் உருவம் அலைந்து காணப்படும். தெளிவு உண்டு, அமைதி இல்லை.

இனி, மூட்டம் மிக்க இரவின் நிலையைக் காண்போம். காற்றழுத்தம் மிகுந்த நாட்களில் மேலேயுள்ள காற்று மெல்லக் கீழிறங்கி, ஒரு மூடிபோல் அமைகின்றது. நிலத்தை அடுத்த புகையும் தூசியும் அதனைக் கடந்து மேலெழ மாட்டா. காற்று வன்மையாக வீசாமையால் அவை பக்கங்களிற் பரவிச் செல்வதும் இல்லை. எனவே மூட்டம் தங்குகின்றது. எந்த அசைவின்மை மூட்டத்தைத் தங்கச் செய்ததோ, அதுவே விண்மீனின் ஒளியையும் நடுங்காமற் காக்கின்றது. எல்லா மூட்ட இரவும் இவ்வாறே அமையும் என்று கூற இயலாது. ஆயினும் பல இரவுகள் இவ்வாறு அமைகின்றன. தெளிவு இல்லாத இரவில் அமைதி இருத்தல் கூடும் என்பதே ஆர்வலர் அறிய வேண்டிய முதன்மையான உண்மையாகும்.

ஏற்ற பணியைத் தேர்தல்

மங்கிய ஒளிமுகில்களையும், தொலைவிலுள்ள அண்டங்களையும், வால்மீன்களின் மெல்லிய வாலையும் காண்பதற்குத் தெளிவே வேண்டும். மூட்ட இரவில் அவற்றைத் தேடுதல் வீண் முயற்சி. திங்கள், கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றை நுணுகி நோக்குவதற்கோ அமைதி வேண்டும். இவற்றிற்கு ஒளி போதிய அளவு உண்டு. அதிற் சிறிது குறைந்தாலும் கேடில்லை. வெள்ளி, வியாழன் போன்ற மிக்க ஒளியுடைய கோள்களை நோக்குங்கால், மெல்லிய மூட்டம் கண்கூசும் ஒளியைத் தணித்து நன்மை செய்வதும் உண்டு.

பட்டறிவு மிக்க ஆர்வலர் வெளியே வந்தவுடன் வானத்தை ஆய்ந்து அளவிடுவர். கார்த்திகை மீன்கள் வானிலிருப்பின், வெறுங்கண்ணுக்கு அவற்றுள் எத்தனை தோன்றுகின்றன என்று எண்ணுவர். ஆறு தோன்றினால் வானம் நன்று. நான்கே தோன்றினால் மூட்டம் மிகுதி. பின்னர் விண்மீன்கள் மின்னுகின்றனவா, அசையாது நிற்கின்றனவா என்று நோக்குவர். இவ்விரண்டனையும் கண்டபின்னரே அன்றைய பணியை முடிவு செய்வர்.

திங்கள் இருக்குமாயின் முதற்கண் அதனையே நோக்குவர். முழுநிலா நாளினும் வளர்பிறை நாளே இதற்குச் சிறந்தது. ஒளியும் இருளும் கூடும் எல்லைக்கோட்டின் அருகே மலைகளின் நிழல்கள் நீண்டு விழும். வளர்பிறையின் ஒன்பதாம் பத்தாம் நாட்களில் கோப்பர்நிக்கஸ் என்னும் பெருங்குழி அவ்விடத்தே விளங்கும். அதன் குறுக்களவு 93 கிலோமீட்டர். படிப்படியாக இறங்கும் அதன் உட்சுவரையும், நடுவே எழும் குன்றுகளையும் அமைதியான இரவில் கண்டு படமாக எழுதுதல் ஆர்வலருக்குப் பேரின்பம் தருவதாம். வியாழன் இருப்பின், 1610-ஆம் ஆண்டில் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களையும், அக்கோளின் மேனியில் ஓடும் பட்டைகளையும் காணலாம்.

இவையும் இல்லாத இரவில் இரட்டை விண்மீன்கள் துணையாகும். வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றித் தொலைநோக்கியில் இரண்டாய்ப் பிரிந்து தோன்றுபவை இரட்டை விண்மீன்கள். நம் நாட்டுத் திருமணங்களில் மணமக்களுக்கு அருந்ததியைக் காட்டும் வழக்கம் உண்டு. எழுமுனிவர் மண்டலத்தில் வசிட்டன் என்னும் விண்மீனை அடுத்து அருந்ததி சிறிதாய் ஒளிரும். சிறு தொலைநோக்கி கொண்டு நோக்கினால், அவ்வசிட்டனே நெருங்கிய இரண்டு விண்மீன்களாய்ப் பிரிவதைக் காணலாம். அன்ன மண்டலத்தின் அலகாய் அமைந்த விண்மீன், பொன்னிற விண்மீன் ஒன்றும் நீலநிற விண்மீன் ஒன்றுமாகப் பிரிந்து கண்ணுக்கு விருந்தளிக்கும். மூட்டம் இவற்றை எளிதில் மறைப்பதில்லை.

நீதிமன்ற எழுத்தரின் வெற்றி

இரட்டை விண்மீன்களை நோக்குதல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு அமெரிக்க நாட்டுப் பர்னம் என்பாரது வாழ்க்கை சான்றாகும். அவர் 1838-ஆம் ஆண்டில் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். சுருக்கெழுத்துக் கற்று, சிகாகோ நகரின் நீதிமன்றத்தில் எழுத்தராய்ப் பணியாற்றியவர். பகலில் வழக்குரைகளை எழுதுவார். இரவில் தம் வீட்டுப் புறத்தே அமைத்த தொலைநோக்கியின் முன் நிற்பார். 1870-ஆம் ஆண்டில் அவர் பெற்ற அக்கருவியின் வில்லை 6 அங்குலக் குறுக்களவே உடையது. அக்காலத்து வானாய்வுக் கூடங்களில் இருந்த பெருங்கருவிகளை நோக்க அது சிறியது.

அவர் வாழ்ந்த நகரமோ புகைக்குப் பெயர்பெற்றது. நிலக்கரியைக் கொண்டு இயங்கிய ஆலைகளும் இருப்புப்பாதை வண்டிகளும் அங்கே மிகுதி. புகையைக் கட்டுப்படுத்த அந்நகரத்தார் 1881-ஆம் ஆண்டில் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அத்தகைய இடத்திலிருந்து மங்கிய ஒளிமுகில்களைத் தேட அவர் முனைந்திருப்பின், பெரும்பயன் விளைந்திராது. அவர் மேற்கொண்டதோ இரட்டை விண்மீன்களைத் தேடும் பணி. 1873-ஆம் ஆண்டில், அதுவரை எவரும் அறியாத 81 இரட்டைகளின் பட்டியலை வெளியிட்டார். வானாய்வாளர் வியந்தனர். விண்ணில் எளிதிற் காணத்தக்க இரட்டைகளையெல்லாம் முன்னையோர் கண்டு முடித்தனர் என்று பலரும் கருதியிருந்த காலம் அது. பர்னம் தம் வாழ்நாளில் கண்ட புதிய இரட்டைகள் 1,300-க்கும் மேற்பட்டவை. 1906-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பேரட்டவணையில் 13,665 இரட்டைகளைப் பற்றிய செய்திகள் தொகுக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் 1894-ஆம் ஆண்டில் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. தம் இடத்திற்கும் கருவிக்கும் ஏற்ற பணியைத் தேர்ந்தமையே அவரது வெற்றிக்குக் காரணங்களுள் ஒன்று.

ஒப்பிட்டு அறியும் முறை

மூட்ட இரவில் செய்யத்தக்க பணி மற்றொன்றும் உண்டு. சில விண்மீன்களின் ஒளி நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் வரும். அவற்றை மாறொளி விண்மீன்கள் என்பர். அதனினும் சிறிது ஒளி மிக்க விண்மீன் ஒன்றையும், சிறிது ஒளி குறைந்த விண்மீன் ஒன்றையும் அருகே தேர்ந்துகொண்டு, அவ்விரண்டிற்கும் இடையே அதன் ஒளி எந்நிலையில் உள்ளது என மதிப்பிடுவர். மெல்லிய மூட்டம் பரவியிருப்பின் அருகருகே உள்ள மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்கும்; ஆதலின் ஒப்பீடு பெரிதும் பிழைபடாது. மூட்டம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் அருகியும் இருப்பின் மட்டும் இம்முறை பயன்படாது.

இப்பணியில் புகழ்பெற்ற ஆர்வலர் வங்க நாட்டு ராதா கோவிந்த சந்திரர் (1878–1975). அவர் யசோகர் நகரத்துக் கருவூலத்தில் பணியாற்றிய எழுத்தர். ஈரம் மிக்க அவ்வாற்று நாட்டில் மழைக்கால முகிலுக்கும் பனிக்கால மூட்டத்திற்கும் குறைவில்லை. ஆயினும் அவர் பல்லாண்டுகள் தளராது நோக்கி, 37,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்திற்கு அனுப்பினார். அவரது உழைப்பை மதித்த அச்சங்கத்தார் 1926-ஆம் ஆண்டில் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பி வைத்தனர்.

குறிப்பேடும் நேர்மையும்

கண்டதை உடனே எழுதி வைத்தல் ஆர்வலரின் கடமை. நாள், நேரம், கருவி இவற்றோடு வானத்தின் நிலையையும் குறித்தல் வேண்டும். காற்றின் அமைதியை ஐந்து படிகளாக வகுத்தவர் அந்தோனியாதி என்னும் கிரேக்க அறிஞர். முதற்படி நடுக்கமே இல்லாத நிலை; ஐந்தாம் படி எதனையும் வரைய இயலாத நிலை. மூட்டத்தின் இடையே ஒரு பொருள் தோன்றவில்லையெனின், தோன்றவில்லை என்றே எழுதுதல் வேண்டும். பிறர் கண்டதைப் படித்துவிட்டுத் தாமும் கண்டதாக எழுதுதல் அறிவியலுக்கு இழைக்கும் தீங்காகும்.

மூட்டம் வேறு, முகில் வேறு. முகில் மூடிய வானத்தில் எத்துணைப் பெரிய கருவியும் பயன்படாது. வெள்ளி, கதிரவனைக் கடக்கும் அரிய காட்சியைக் காணப் பிரெஞ்சு அறிஞர் லெ ஜாந்தீல் பல்லாண்டுகள் காத்திருந்து புதுச்சேரிக்கு வந்தார். 1769-ஆம் ஆண்டில் அந்நாள் வந்தபோது முகில் கதிரவனை மறைத்துவிட்டது. அவர் பெரிதும் வருந்தினார். ஆயினும் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தை அவர் முற்றும் வீணாக்கவில்லை. தமிழர், கிரகண காலத்தைக் கணிக்கும் முறையைக் கற்று, அதனைப் பிரான்சு நாட்டு அறிஞர் உலகிற்கு எடுத்துரைத்தார். வானம் மறுத்ததை அவருக்கு நிலம் ஓரளவு ஈடு செய்தது.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசர்க்குக் கூறியனவாயினும், தொலைநோக்கியோடு மாடியில் நிற்கும் எளிய ஆர்வலருக்கும் பொருந்துவனவேயாம். தம் கருவியின் வலியையும், அன்றைய இரவின் இயல்பையும், தாம் நிற்கும் இடத்தின் நிலையையும் அறிந்தவர், அவ்விரவு தரமாட்டாததைக் கேட்டு வருந்தமாட்டார். தரவல்லதைக் கேட்டுப் பெறுவார். கல்வியிலும் தொழிலிலும் முழுத்தெளிவு வாய்க்கும் நாட்கள் சிலவே. எஞ்சிய நாட்களில் என் செய்தோம் என்பதைப் பொறுத்தே வாழ்நாட் பயன் அமைகின்றது.

பயிற்சி

1. வானத்தின் தெளிவுக்கும் அமைதிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மூட்டம் மிக்க இரவில் காற்று அமைதியாய் இருத்தற்குக் காரணம் கூறுக.
3. பர்னம் தம் இடத்திற்கு ஏற்ற பணியைத் தேர்ந்தார் என்பதை விளக்குக.
4. மாறொளி விண்மீனின் ஒளியை மதிப்பிடும் முறையை எழுதுக.
5. இன்று இரவு வானத்தை நோக்கி, அதன் தெளிவையும் அமைதியையும் நும் குறிப்பேட்டில் எழுதுக.