உணர்ச்சியும் இளைப்பும்

கேள்வி: அழுதாலோ கோபப்பட்டாலோ ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பு வந்துவிடுகிறது. இது மனப்பிரமையா, உண்மையிலேயே மூச்சுக்குழாய் சுருங்குகிறதா?

பதில்: உண்மையிலேயே சுருங்குகிறது. மூச்சின் தாளத்தை முகுளத்தில் உள்ள நரம்பணுக்கள் இரவும் பகலும் நடத்திவருகின்றன. பேசும்போதும் பாடும்போதும் பெருமூளை அதை மாற்றியமைக்கிறது. அச்சமும் கோபமும் எழும்போது அமிக்டலா, இன்சுலா, ஹைப்போதலாமஸ் ஆகிய பகுதிகள் அதில் தலையிடுகின்றன. இந்தத் தலையீடு சாதாரணமானதல்ல. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டிருந்தவர்களின் அமிக்டலாவை ஐயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் தூண்டியபோது மூச்சு நின்றது. நின்றதை அவர்கள் உணரவே இல்லை. இந்த ஆய்வு 2015இல் வெளியானது.

மூச்சுக்குழாய்க்குக் கட்டளை போகும் வழி வேகஸ் நரம்பு. அதன் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகிறது, சளியையும் பெருக்குகிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குழாயை விரிக்கத்தானே வேண்டும் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் மனிதரின் மூச்சுக்குழாய்த் தசைக்கு நேரடியாக வரும் நரம்புகளில் வேகஸின் கைதான் ஓங்கியிருக்கிறது. உணர்ச்சி மிகும்போது நலமாக உள்ளவர்களுக்கும் குழாய் சற்றே சுருங்கும். அது வெளியே தெரிவதில்லை. ஆஸ்துமாவில் குழாய் ஏற்கெனவே அழற்சியுற்றிருப்பதால் அதே கட்டளை இளைப்பாகிவிடுகிறது.

1968இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஆஸ்துமா நோயாளிகள் 40 பேருக்கு ஒவ்வாமைப் பொருள் என்று சொல்லி வெறும் உப்புநீர்ப் புகை கொடுக்கப்பட்டது. 19 பேருக்குக் காற்றுத்தடை கருவியில் அளக்கும் அளவுக்குக் கூடியது. அவர்களில் 12 பேருக்கு முழு இளைப்பே வந்தது. மருந்து என்று சொல்லி அதே உப்புநீரைக் கொடுத்ததும் அது தணிந்தது. வேகஸின் செயலைத் தடுக்கும் அட்ரோபின் தரப்பட்டால் இப்படிச் சுருங்குவதில்லை என்று அடுத்த ஆண்டே அந்தக் குழு காட்டியது. நோயாளி நடிக்கிறார் என்ற பழிக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

ஆகவே அழுகையால் வந்த இளைப்புக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர்தான் முதல் உதவி. "மனசைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்லித் தாமதிப்பது ஆபத்து. சிலருக்கு மட்டும், உணர்ச்சிக் கொந்தளிப்பில் தொண்டையிலுள்ள குரல்நாண்கள் மூச்சை இழுக்கும்போது மூடிக்கொள்கின்றன. இது ஆஸ்துமா அல்ல. கழுத்துப் பகுதியில் இறுக்கமும், மூச்சை உள்ளிழுக்கையில் சத்தமும் இருந்து, இன்ஹேலரும் பலன் தராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சிதான் இதற்குரிய முதன்மைச் சிகிச்சை.