சுந்தரபாண்டியத்துப் பட்டறைத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சுந்தரபாண்டியத்திலேயே ஹைட்ராலிக் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கிவிட்டாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. வருகிறவர்கள் "எத்தனை டன் தூக்கும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீ அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு: சிலிண்டரிலிருந்து வெளியே போன ராடு எப்படித் திரும்பி வரும்?

உன் பட்டறைக்கு அதிகம் வரப்போவது டிராக்டர் டிப்பர். தொட்டி தன் கனத்திலேயே இறங்கிவிடும். அதனால் ஒரு பக்கம் மட்டும் ஆயில் ஏறும் சிங்கிள் ஆக்டிங் போதும். அடியில் இடம் குறைவு, உயரமோ நிறைய வேண்டும் என்றால் டெலஸ்கோப்பிக். அதில் பெரிய குழாய் முதலில் எழும், சின்னது கடைசியில். அதே பிரஷரில் கட்டத்துக்குக் கட்டம் பலம் குறையும். குறையட்டும், அதற்குள் தொட்டியிலுள்ள மண் பாதி சரிந்திருக்கும். ஆனால் பக்கவாட்டு இழுப்பை அது தாங்காது. கண்மாய்க் கரையில் வண்டியைச் சாய்வாக நிறுத்தித் தொட்டியைத் தூக்கக் கூடாது என்று சொல்லியே அனுப்பு.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய ராஜபாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்சை பேல் கட்டும் பிரஸ் வேலையும் உனக்கு வரும். கீழிருந்து மேலே அழுத்தும் பிரஸ் என்றால் தகடு தானாக இறங்கும், சிங்கிள் ஆக்டிங் போதும். மேலிருந்து அழுத்துவது என்றால் தகட்டைத் திரும்பத் தூக்கியாக வேண்டும்; அதற்கு இரண்டு பக்கமும் ஆயில் ஏறும் டபுள் ஆக்டிங்.

டபுள் ஆக்டிங்கில் ஒரு கணக்கை மறக்காதே. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 100 மி.மீ., ராடு 56 மி.மீ., பிரஷர் 160 பார் என்று வை. தள்ளும்போது சுமார் 12.8 டன் கிடைக்கும். இழுக்கும்போது 8.8 டன்தான், ஏனென்றால் பிஸ்டன் பரப்பில் ஒரு பங்கை ராடு அடைத்துக்கொள்கிறது. இழுக்கிற வேலைக்கு வாங்குகிறவரிடம் தள்ளுகிற கணக்கைக் காட்டி விற்பது தப்பு.

ராடின் நீளத்தையும் பார். போரைக் கூட்டினால் பலம் கூடும், ஆனால் மெலிந்த நீள ராடு வளைந்துவிடும். தள்ளுபளு ஏறும் நீளம் இரண்டு மடங்கானால், வளையாமல் தாங்கும் அளவு கால்வாசியாகிவிடும். அங்கே காசு மிச்சம் பிடிக்க விடாதே.

மில்லுக்குள் டை-ராடு சிலிண்டர் வசதி. நட்டைக் கழற்றி சீல் மாற்றலாம். சேற்றிலும் புழுதியிலும் உழைக்கும் ஜேசிபி போன்ற வண்டிக்கு வெல்டட் சிலிண்டரும் நல்ல வைப்பர் சீலும் வேண்டும்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும்போது சக்கரங்களைக் கவனி. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும், தேரை நிறுத்தத் தடி போடுகிறவர்கள் சக்கரத்தை ஒட்டியேதான் நடக்கிறார்கள். ஆயில் ஒன்றை மட்டும் நம்பி அத்தனை கனத்தை ஜனங்களுக்கு நடுவே விட முடியாது. உன் பட்டறையிலும் அப்படித்தான். ஹோஸ் வெடிக்கும், சீல் கசியும். தூக்கி நிற்கும் தொட்டிக்கு இரும்பு முட்டுக் கொடுக்காமல் அடியில் போகாதே. உன்னிடம் வேலை பழக வரும் பையனையும் போக விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்